மேசைக் கணினியின் சிப்செட் மடிக்கணினிக்குள் வரும்போது: திருகோணமலையில் வொர்க்ஸ்டேஷன் வாங்குவோருக்கு

ட்ரோன் படங்களை இணைத்து நில வரைபடம் ஆக்குவோர், திருமணக் காணொளிகளை 4கே தரத்தில் தொகுப்போர், கட்டட வரைஞர்கள், கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் கற்கும் மாணவர்கள் எனப் பலரும் வொர்க்ஸ்டேஷன் மடிக்கணினி (கனமான தொழில்முறை வேலைகளுக்கான வலுக்கூடிய மடிக்கணினி) வாங்கப் புறப்படும்போது முதலில் கேட்பது எது வேகமானது என்பதைத்தான். திருகோணமலையில் இருந்து வேலை செய்பவர் அதற்கு முன்னரே கேட்டுத் தெளிய வேண்டிய வேறொரு கேள்வி உண்டு: இந்த இயந்திரம் திறந்தபடி, ஒரு வேலையும் செய்யாமல் இருக்கும்போது எத்தனை வாட் மின்சாரம் எடுக்கிறது? மின்தடையின்போது எவ்வளவு நேரம் தாங்கும், கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் அறை எவ்வளவு சூடாகும், பையில் வைத்துக்கொண்டு கிண்ணியாவுக்கோ மூதூருக்கோ போய் அங்கே வேலை செய்ய முடியுமா என்பவற்றில் பெரும்பகுதி அந்த விடையைப் பொறுத்தே அமைகிறது. மேசைக் கணினிக்காக வடிவமைக்கப்பட்ட சிப்செட்டும் செயலியும் மடிக்கணினி ஒன்றுக்குள் வைக்கப்படும்போது அந்த விடை எப்படி மாறுகிறது, வாங்குபவர் எதை எந்த ஒழுங்கில் பார்க்க வேண்டும் என்பதை இக்கட்டுரை படிப்படியாக விளக்குகிறது.

முதற்படி: சிப்செட் செய்யும் வேலையை அறிந்துகொள்ளுங்கள்

கணக்கிடுவது செயலியின் வேலை. யூஎஸ்பி துளைகள், சேமிப்பகங்கள், வலையமைப்பு, ஒலி, கூடுதல் இணைப்புப் பாதைகள் ஆகியவற்றைச் செயலியோடு இணைத்துத் தரவை ஏற்றி இறக்குவது சிப்செட்டின் வேலை. துறைமுகத்தில் வசிக்கும் நமக்கு இதை இறங்குதுறைகளாக நினைத்துக்கொள்வது எளிது. இறங்குதுறைகள் கூடக்கூட ஒரே வேளையில் பல படகுகள் சரக்கு இறக்கலாம். ஆனால் படகு ஒன்றும் வராத இரவிலும் ஒவ்வொரு துறையிலும் விளக்கெரிய வேண்டும், காவலாள் நிற்க வேண்டும். மேசைக் கணினிச் சிப்செட்டில் இறங்குதுறைகள் அதிகம். மடிக்கணினிச் சிப்செட்டில் அவை குறைவு என்பதோடு, ஆளில்லாத துறையின் விளக்கை அணைப்பதிலும் அது அதிக அக்கறை காட்டும்படி வடிவமைக்கப்பட்டிருக்கும்.

எண்களில் சொல்வதானால், 2008 இன் இறுதியில் இன்டெல் வெளியிட்ட எக்ஸ்58 சிப்செட்டின் வெப்ப வடிவமைப்பு அளவு, அதாவது முழு வேலையில் அதிலிருந்து வெளியேற்ற வேண்டிய வெப்பம், 24.1 வாட் ஆகும். கிராபிக்ஸ் கார்டுக்குச் செல்லும் அதிவேகப் பாதைகளையும் அந்தக் காலத்தில் சிப்செட்டே சுமந்தமையால் அது அவ்வளவு சூடானது. அப்பாதைகள் செயலிக்குள் இடம்பெயர்ந்த பின், 2011 இல் வந்த எக்ஸ்79 இன் அளவு 7.8 வாட்டாகக் குறைந்தது. 2015 இன் இசட்170, 2018 இன் இசட்390, 2020 இன் இசட்490 ஆகிய மேசைக் கணினிச் சிப்செட்டுகள் ஒவ்வொன்றும் 6 வாட். இவற்றுள் 2018 ஆம் ஆண்டினதற்கு இணையான மடிக்கணினிச் சிப்செட்டாகிய எச்எம்370 வெறும் 3 வாட் ஆகும்.

இவை விற்பனைத் தாளில் மட்டும் வாழ்ந்த எண்கள் அல்ல. தாய்வானின் கிளீவோ நிறுவனம் எக்ஸ்58 தொடங்கி இசட்490 வரை இத்தகைய மேசைக் கணினிச் சிப்செட்டுகளை மடிக்கணினிகளுக்குள் வைத்தது. அவ்வியந்திரங்கள் பல நாடுகளில் பல வணிகப் பெயர்களில் விற்கப்பட்டன. டெல் நிறுவனத்தின் ஏலியன்வேர் ஏரியா-51எம் 2019 இல் இசட்390 சிப்செட்டுடனும் மேசைக் கணினிக்குரிய கோர் ஐ9-9900கே செயலியுடனும் வந்தது. அதனை முழு வேகத்தில் இயக்க இரண்டு அடாப்டர்களை ஒரே நேரத்தில் செருக வேண்டும்.

இரண்டாம் படி: அந்த 3 வாட் மட்டுமே செலவு என்று நினைக்காதீர்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் இங்கே சற்று நின்று பார்ப்போம். 6 வாட்டுக்கும் 3 வாட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு சிறிய எல்ஈடி விளக்கின் அளவுதான். அதற்காக யாரும் ஓர் இயந்திரத்தைத் தள்ளிவைக்கத் தேவையில்லை. ஆனால் மேசைக் கணினிச் சிப்செட் தனியாக வருவதில்லை. தன் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டே வருகிறது.

முதலாவதாக, அதனோடு மேசைக் கணினிச் செயலி வருகிறது. கோர் ஐ9-10900கே போன்ற செயலியின் அடிப்படை மின் அளவே (நீண்ட நேரப் பளுவில் எடுக்கும் எனக் கணக்கிடப்பட்ட அளவு) 125 வாட். அதே காலத்தின் மடிக்கணினிச் செயலிகளுக்கு அது 45 வாட். இரண்டாவதாக, இத்தகைய பழைய இயந்திரங்கள் பலவற்றில் செயலிக்குள் இருக்கும் சிறிய கிராபிக்ஸ் பகுதி திரையோடு இணைக்கப்படவே இல்லை. எக்ஸ்58, எக்ஸ்79 வகைச் செயலிகளில் அப்படியொரு பகுதி இருக்கவும் இல்லை. ஆகவே ஒரு கடிதம் தட்டச்சு செய்யும்போதும் பெரிய கிராபிக்ஸ் சில்லு விழித்தே இருக்க வேண்டும். மூன்றாவதாக, மேசைக் கணினியின் சுற்றுகள் நாள் முழுதும் சுவர் மின்சாரத்தில் இருக்கும் என்ற எதிர்பார்ப்பில் அமைக்கப்பட்டவை. இரண்டு விசை அழுத்தங்களுக்கு இடையிலுள்ள சிறிய இடைவெளியில்கூட ஆழ்ந்த தூக்கத்துக்குச் சென்று மீளும் திறன் மடிக்கணினிச் சில்லுகளில் கூர்மையாக்கப்பட்ட அளவுக்கு அவற்றில் கூர்மையாக்கப்படவில்லை. நான்காவதாக, நான்கு ரேம் துளைகளும் மூன்று நான்கு எஸ்எஸ்டி இடங்களும் கிடைப்பது பெரிய வசதி என்றாலும், அவற்றை நிரப்பும்போது ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சிறிதளவு மின்சாரத்தை எப்போதும் எடுத்துக்கொண்டிருக்கும்.

இவை ஒன்றுசேரும்போது, ஓய்வு நிலையில் 8 அல்லது 10 வாட்டில் நிற்கக்கூடிய ஒரு மடிக்கணினியின் இடத்தில் 30 வாட்டையும் தாண்டும் ஓர் இயந்திரம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. சிப்செட்டின் பெயரைப் பார்ப்பது அதன் மூன்று வாட்டுக்காக அல்ல. அதன் பின்னால் எந்தக் குடும்பம் நிற்கிறது என்பதை அறிவதற்காகவே.

மூன்றாம் படி: பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்

2022 ஆம் ஆண்டு நிலைமை மாறியது. இன்டெல் தன் பன்னிரண்டாம் தலைமுறையில் எச்எக்ஸ் என்ற வரிசையை அறிமுகப்படுத்தியது. மேசைக் கணினிக்குரிய அதே சிலிக்கனை, கழற்றி மாட்டும் சொக்கெட் இல்லாமல், தாய்ப்பலகையில் நேரடியாகப் பற்றவைக்கும் மெல்லிய உறையில் இட்டுத் தந்தது இந்த வரிசை. அந்த வரிசையின் கோர் ஐ9-12950எச்எக்ஸ் 16 கருக்களை, அதாவது தனித்தனியே கணக்கிடும் பகுதிகளை, கொண்டது. அதன் அடிப்படை மின் அளவு 55 வாட், உச்ச அளவு 157 வாட். அதே ஆண்டின் கோர் ஐ9-12900எச் 14 கருக்களோடும் 45 வாட் அடிப்படையோடும் 115 வாட் உச்சத்தோடும் வந்தது. இரண்டின் பெயரும் ஓர் இலக்கத்தாலும் ஓர் எழுத்தாலும்தான் வேறுபடுகின்றன. உள்ளே இருக்கும் வேறுபாடு பெரிது. எச் வரிசையில் சிப்செட்டின் பணிகளைச் செய்யும் சில்லு செயலியின் உறைக்குள்ளேயே அமர்ந்திருக்கிறது. எச்எக்ஸ் வரிசையில் அது எச்எம்670, டபிள்யூஎம்690 போன்ற பெயர்களில் தாய்ப்பலகையில் தனிச் சில்லாக நிற்கிறது. டபிள்யூ எழுத்தில் தொடங்குபவை வொர்க்ஸ்டேஷனுக்கானவை. பிழை திருத்தும் ஈசிசி ரேமை விரும்புவோர் அந்தப் பெயரைத் தேட வேண்டும். பின்னர் வந்த கோர் ஐ9-13980எச்எக்ஸ் 24 கருக்களோடு அதே 55, 157 வாட் எல்லைகளைக் கொண்டிருந்தது.

இந்தப் புதிய இயந்திரங்களில் செயலியின் சிறிய கிராபிக்ஸ் பகுதி பெரும்பாலும் திரையோடு இணைக்கப்பட்டிருக்கும் என்பதால், பழைய மேசைச் செயலி மடிக்கணினிகளைக் காட்டிலும் இவை எவ்வளவோ மேலானவை. இருந்தும், அதே விலைப் பிரிவில் உள்ள எச் வரிசை இயந்திரத்தின் ஓய்வு நிலைச் சிக்கனத்தை இவை எட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஏஎம்டி நிறுவனத்தின் பெயர்களில் கூடுதல் கவனம் தேவை. 2023 இல் வந்த ரைசன் 9 7945எச்எக்ஸ் உண்மையாகவே மேசைக் கணினியின் வடிவமைப்பு. எட்டுக் கருக்கள் கொண்ட இரண்டு சில்லுகளும், உள்ளீடு வெளியீட்டுக்கென ஒரு தனிச் சில்லும் ஓர் உறைக்குள் அருகருகே இருக்க, அவற்றிடையே தரவைக் கடத்துவதற்கே தொடர்ந்து மின்சாரம் செலவாகிறது. ஆனால் ரைசன் ஏஐ 9 எச்எக்ஸ் 370 என்ற பெயரிலும் அதே இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. அது 28 வாட்டை இயல்பு அளவாகக் கொண்ட, மெல்லிய மடிக்கணினிகளுக்கான ஒற்றைச் சில்லு. எழுத்தை மட்டும் நம்பி இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும். ஆகவே விற்பவரிடம் முழுப் பெயரையும் எழுதி வாங்குங்கள். "ஐ9 மெஷின்", "ரைசன் 9 மெஷின்" என்று மட்டும் சொல்லப்பட்டால் உங்களுக்கு இன்னும் ஒன்றும் சொல்லப்படவில்லை என்றே கொள்ளுங்கள்.

நான்காம் படி: தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள்

மடிக்கணினியின் மின்கலம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. விமானப் பயணி ஒருவர் நிறுவனத்தின் சிறப்பு அனுமதி இல்லாமல் எடுத்துச் செல்லக்கூடிய லிதியம் மின்கலத்தின் எல்லை 100 வாட்-மணி. எனவே எவ்வளவு பெரிய வொர்க்ஸ்டேஷனாக இருந்தாலும் அதன் மின்கலம் பெரும்பாலும் 90 இலிருந்து 99 வாட்-மணிக்குள்தான் இருக்கும். செயலியின் பசி மும்மடங்கு ஆனாலும் சோற்றுப் பானை அதே அளவுதான்.

கணக்கு எளிது. மின்கலத்தின் வாட்-மணியை இயந்திரம் சராசரியாக எடுக்கும் வாட்டால் வகுத்தால் மணி நேரம் கிடைக்கும். 94 வாட்-மணி மின்கலம், 12 வாட் சராசரி என்றால் ஏறக்குறைய 8 மணி நேரம். 25 வாட் என்றால் 4 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. 45 வாட் என்றால் 2 மணி நேரம். பயன்படுத்திய இயந்திரமாயின் மின்கலம் தேய்ந்திருக்கும். அதன் இப்போதைய கொள்ளளவை வைத்தே வகுக்க வேண்டும், பெட்டியில் அச்சிட்ட எண்ணை வைத்து அல்ல.

முழு வேலைப் பளுவுக்கு இந்தக் கணக்கைப் போட வேண்டாம். 157 வாட் எடுக்கும் செயலியையும் 100 வாட்டைத் தாண்டும் கிராபிக்ஸ் சில்லையும் ஒரே நேரத்தில் ஊட்டும் வலு அந்த மின்கலத்துக்கு இல்லை. சுவர் மின்சாரம் அகன்றவுடன் இயந்திரம் தானாகவே வேகத்தை வெகுவாகக் குறைத்துக்கொள்கிறது. மேசைத்தர வேகத்துக்காக நீங்கள் கொடுத்த விலை, செருகி இருக்கும் வேளையில் மட்டுமே உங்களுக்குப் பயன் தருகிறது. இதை வாங்கும் முன்பே ஏற்றுக்கொண்டவர்களுக்குப் பின்னர் மனக்குறை வருவதில்லை.

ஒரே நிறுவனம் ஒரே ஆண்டில் விற்ற இரண்டு இயந்திரங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தத் தெரிவு தெளிவாகும். லெனோவோவின் திங்க்பேட் பி16, 2022 இல் எச்எக்ஸ் செயலியோடும் நான்கு ரேம் துளைகளோடும் 128 ஜிபி வரை ரேம் ஏற்கும் வசதியோடும் 94 வாட்-மணி மின்கலத்தோடும் வந்தது. எடை ஏறக்குறைய 3 கிலோகிராம். அதே ஆண்டின் திங்க்பேட் பி1, எச் வரிசைச் செயலியோடும் இரண்டு ரேம் துளைகளோடும் 64 ஜிபி எல்லையோடும் 90 வாட்-மணி மின்கலத்தோடும் வந்தது. எடை 2 கிலோகிராமுக்கும் குறைவு. ஆயிரக்கணக்கான ட்ரோன் படங்களை ஒரே தொகுப்பாகச் செயலாக்குபவருக்கு 64 ஜிபி போதாமல் போகும் நாள் விரைவில் வரும். அவருக்கு முன்னது தகும். வெளிக்களத்தில் பாதி நாளைக் கழிக்கும் கட்டட வரைஞருக்குப் பின்னதே துணை. என் கருத்தில், நம்மூரில் எச்எக்ஸ் வகை இயந்திரம் வாங்குவோரில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது கூடுதல் ரேம்தான். கூடுதல் கருக்கள் அவர்களுக்கு அவ்வளவு தேவைப்படுவதில்லை. செய்யும் வேலையின்போது ரேம் எவ்வளவு நிரம்புகிறது, கருக்கள் எத்தனை முழுதாக உழைக்கின்றன என்பதைத் தற்போதைய கணினியின் பணி மேலாளரில் ஒரு வாரம் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தால் இது உடனே புலப்படும்.

ஐந்தாம் படி: நம்மூர் வெப்பத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்

இணையத்தில் படிக்கும் சோதனை முடிவுகளிற் பெரும்பாலானவை 23 பாகை செல்சியஸ் அளவில் குளிரூட்டிய அறைகளில் எடுக்கப்பட்டவை. திருகோணமலையில் கச்சான் காலத்து மதியத்தில் நிழலில்கூட 35 பாகையை எட்டுவது புதிதல்ல. இன்டெல்லின் இத்தகைய செயலிகள் 100 பாகையை எட்டியதும் தம்மைக் காக்க வேகத்தைக் குறைக்கும். வெளியேறும் வெப்பத்தின் அளவு, சில்லுக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. 23 பாகை அறையில் அந்த வேறுபாடு 77 பாகை. 35 பாகை அறையில் 65 பாகை மட்டுமே. அதாவது அதே விசிறியும் அதே செப்புக் குழாய்களும் இங்கே ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவான வெப்பத்தையே வெளியேற்றும். அங்கே 150 வாட்டைத் தொடர்ந்து தாங்கிய இயந்திரம் இங்கே 127 வாட் அளவில் மூச்சு வாங்கும். உச்ச அளவு உயர்ந்த செயலிக்குக் கூடுதல் பணம் கொடுத்து, அந்த உச்சத்தை வருடத்தின் பல மாதங்களில் தொடவே முடியாத நிலை இங்கே நமக்கு உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. அதிக வாட் என்றால் அதிகக் காற்று. அதிகக் காற்று என்றால், உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடலை ஒட்டி வசிப்பவர்களுக்கு, அதிக உப்பும் அதிக மணல்தூசியும். விசிறிக்குப் பின்னாலுள்ள மெல்லிய உலோகத் தகடுகளில் ஈரமும் உப்பும் தூசியும் சேர்ந்து ஒரு பசைப்படலமாகப் படிகின்றன. பெரிய விசிறிகளை நாள் முழுதும் சுழற்றும் மேசைத்தர இயந்திரத்தில் இது விரைவாக நிகழும். கடற்கரையிலிருந்து சில நூறு மீற்றருக்குள் இருப்பவர்கள் அடிமூடியைக் கழற்றி மென்தூரிகையால் நான்கு மாதத்துக்கு ஒருமுறை துப்புரவு செய்வது நல்லது. கடற்பக்கச் சன்னலுக்கு நேரே மேசையைப் போடாதீர்கள். வாடைக்காற்று வீசும் மாரி மாதங்களில் அந்தச் சன்னல் எவ்வளவு இதமாக இருந்தாலும் இயந்திரத்துக்கு அது ஏற்ற இடமல்ல.

ஆறாம் படி: வீட்டு மின்சாரத்தைச் சரிபாருங்கள்

230 வாட் அல்லது 330 வாட் அடாப்டர் சாதாரண மடிக்கணினியின் 65 வாட் அடாப்டரைப் போன்றதல்ல. முதலில் பூமித்தொடுப்பு. இப்பெரிய அடாப்டர்களின் மின்கம்பியில் மூன்று முனைகள் இருப்பதற்குக் காரணம் உண்டு. நகரின் பழைய வீடுகளில் உருண்டை முனை 5 அம்பியர் துளைகளே இன்னும் இருக்கின்றன. சந்தையில் கிடைக்கும் இருமுனை மாற்றிகளைச் செருகினால் பூமித்தொடுப்பு துண்டிக்கப்பட்டு, உலோக உடலைத் தொடும்போது விரல்களில் மெல்லிய அதிர்வு தோன்றும். இப்போதைய தேசிய நியமமான சதுர முனை 13 அம்பியர் துளை ஒன்றை, உரிய பூமித்தொடுப்போடு, மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு பொருத்துவது இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய செலவு.

அடுத்து மின்தடை. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாதிருந்ததையும், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் ஒரே நேரத்தில் இருளில் மூழ்கியதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். மடிக்கணினியினுள்ளேயே மின்கலம் இருப்பதால் அதற்கென யூபிஎஸ் வாங்கத் தேவையில்லை. ரவுட்டரையும் வெளித்திரையையும் மட்டும் யூபிஎஸ்ஸில் செருகுங்கள். குறைந்த விலை யூபிஎஸ்கள் தரும் படிக்கட்டு வடிவ மின்னலையைப் பெரிய அடாப்டர்கள் எல்லாம் ஏற்பதில்லை. சில இரைச்சலிடும், சில துண்டித்துக்கொள்ளும். வீட்டில் 12 வோல்ட், 100 அம்பியர்-மணி ஈய அமில மின்கலத்தோடு இன்வேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு: மொத்தம் 1200 வாட்-மணி, மின்கலத்தின் ஆயுளைக் காக்கப் பாதியை மட்டும் எடுப்பதென்றால் 600 வாட்-மணி. 150 வாட்டில் காணொளி ஏற்றுமதி செய்தால் இன்வேட்டரின் இழப்பையும் கழித்து மூன்றரை மணி நேரம்கூட நிற்காது. ஓய்வு நிலை குறைந்த இயந்திரத்தில் எழுதுவதும் மின்னஞ்சல் பார்ப்பதுமாக 15 வாட்டில் இருந்தால் அதே மின்கலம் ஒரு பகலையும் ஓர் இரவையும் கடத்தும்.

யூஎஸ்பி-சி வழியாக 100 வாட் சார்ஜரைச் செருகிச் சமாளிக்கலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். பயணத்தில் அது போதும். முழுப் பளுவில் வேலை செய்யும்போது, பல இயந்திரங்களில், செருகி இருக்கும்போதே மின்கலம் இறங்கிக்கொண்டிருக்கும்.

ஏழாம் படி: கடையில் அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்

கொழும்பில் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் வாங்கினாலும் உள்ளூர்க் கடையில் வாங்கினாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். இரவு ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்த பின் குறை தெரிந்தால், திருப்பிக் கொண்டுபோவதற்கே இரண்டு நாள் போய்விடும்.

இயந்திரத்தைத் திறந்து எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற அளவீட்டு மென்பொருளை இயக்குங்கள். அடாப்டரைக் கழற்றிவிட்டு, திரையைப் பாதி வெளிச்சத்தில் வைத்து, ஒன்றையும் தொடாமல் பத்து நிமிடம் காத்திருங்கள். மின்கலத்திலிருந்து வெளியேறும் வாட் எவ்வளவு என்று அந்த மென்பொருள் காட்டும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எச் வரிசையில் 10 வாட்டுக்கு அண்மையிலும் எச்எக்ஸ் வரிசையில் 20 வாட்டுக்கு உள்ளும் இருந்தால் ஏற்கலாம். 30 ஐத் தாண்டினால் பெரிய கிராபிக்ஸ் சில்லு உறங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். அதன்பின் அடாப்டரைச் செருகி, பத்து நிமிடம் முழுப் பளு கொடுத்து, செயலி தொடக்கத்தில் எத்தனை வாட் எடுத்தது, கடைசி நிமிடத்தில் எத்தனை வாட்டில் நின்றது என்பதையும் குறியுங்கள். உங்கள் வேலைக்குக் கிடைக்கப்போவது இரண்டாவது எண்தான். கடை குளிரூட்டப்பட்டதாயின் வீட்டில் அதுவும் சற்றுக் குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பயன்படுத்திய இயந்திரங்களில், சொக்கெட்டும் மேசைக் கணினிச் சிப்செட்டும் கொண்ட பழைய பெரிய மாதிரிகள் சில வேளை மலிவாகக் கிடைக்கும். செயலியைக் கழற்றி மாற்றலாம் என்பது அவற்றின் உண்மையான சிறப்பு. ஒரே மேசையில், எப்போதும் செருகியபடி, மின்தடையில் வேலையைச் சேமித்துவிட்டு அணைப்பதற்குரிய கால் மணி நேரம் மட்டும் கிடைத்தால் போதும் என்பவருக்கு அவை பொருந்தும். அவற்றின் தனிச்சிறப்பான அடாப்டர் பழுதானால் இங்கே உடனே கிடைக்காது என்பதால், வேலை செய்யும் அடாப்டர் கையில் இல்லாமல் விற்கப்படும் இயந்திரத்தை வாங்கவே வேண்டாம்.

எட்டாம் படி: வாங்கிய பின் அமைப்புகளைத் திருத்துங்கள்

தொழிற்சாலையிலிருந்து வரும் அமைப்பு சோதனை மேசையில் முதலிடம் பிடிப்பதற்கானது. உங்கள் அறைக்கானது அல்ல. செயலியின் கடிகார வேகத்தைக் கூட்டும்போது மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருக்கிறது. மின்செலவோ மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. ஆகவே கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸ்தான் மிகவும் விலை கூடியவை. அதே காரணத்தால் எதிர்த்திசையும் உண்மை: நீண்ட நேர மின் எல்லையைப் பாதியாகக் குறைத்தாலும் வேகம் பாதியாகக் குறைவதில்லை. தயாரிப்பாளரின் மென்பொருளிலோ பயாஸிலோ (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புப் பக்கம்) அந்த எல்லையை மாற்ற இடமிருந்தால் படிப்படியாகக் குறைத்து, ஒரே காணொளியை ஒவ்வொரு முறையும் ஏற்றுமதி செய்து நேரத்தை எழுதிப் பாருங்கள். விசிறி இரைச்சல் அடங்கியும் நேரம் அதிகம் கூடாமலும் இருக்கும் ஓரிடம் கிடைக்கும். அங்கேயே விட்டுவிடுங்கள்.

கிராபிக்ஸ் அமைப்பு பயாஸில் ஹைபிரிட் நிலையில், அதாவது சாதாரண வேலைக்குச் சிறிய கிராபிக்ஸ் பகுதியும் தேவைப்படும்போது மட்டும் பெரிய சில்லும் இயங்கும் நிலையில், இருக்க வேண்டும். வெளித்திரையைச் செருகும் துளைகளில் சில பெரிய கிராபிக்ஸ் சில்லோடு நேரடியாக இணைந்தவை என்பதால், அங்கே திரையைச் செருகிய கணத்திலேயே அது விழித்துக்கொள்ளும். மின்தடையின்போது முதலில் கழற்ற வேண்டியது அந்தக் கம்பியைத்தான். கார்ட் ரீடரில் மறந்துவிட்ட கமரா அட்டை, பயன்பாட்டில் இல்லாத யூஎஸ்பி வன்வட்டு, மென்பொருள் உரிமத்துக்கான சிறு சாவி ஆகியவையும் சிப்செட்டை ஆழ்ந்து தூங்கவிடாமல் தடுக்கக்கூடும். முன்னர் சொன்ன இறங்குதுறையில் ஒரு படகு கட்டப்பட்டிருந்தாலும் விளக்கெரிந்தே ஆக வேண்டும்.

நாளின் பெரும்பகுதி செருகியபடியே இருக்கும் இயந்திரமாயின் மின்கலம் 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்துமாறு அமைத்துவிடுங்கள். நிறைந்த மின்கலமும் வெப்பமும் ஒன்றுசேர்வது அதன் ஆயுளை விரைவாகக் குறைக்கும். கொழும்புக்கு இரவு ரயிலில் புறப்படும்போது மூடியை மடித்துப் பைக்குள் வைக்கும் முன் "ஹைபர்நேட்" (திறந்திருக்கும் வேலையைச் சேமிப்பகத்தில் எழுதிவிட்டு இயந்திரத்தை முழுதாக அணைக்கும் வசதி) கொடுங்கள். இன்றைய மடிக்கணினிகள் பல, மூடிய பின்னும் அரைத்தூக்கத்தில் இருந்து அவ்வப்போது விழிக்கின்றன. பைக்குள் காற்றோட்டம் இல்லாமல் மேசைத்தரச் செயலி ஒன்று விழித்துக்கொண்டால், கோட்டை நிலையத்தில் இறங்கும்போது பை சுடும், மின்கலம் வெறுமையாக இருக்கும்.

முதல் வாரம் முடிந்ததும் கடையில் எடுத்த அதே பத்து நிமிட ஓய்வு நிலைச் சோதனையை வீட்டில் மீண்டும் செய்யுங்கள். கிடைத்த வாட்டையும் அன்றைய அறை வெப்பநிலையையும் ஒரு தாளில் எழுதி, இயந்திரத்தின் அடியில் ஒட்டாமல், அடாப்டர் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து ஒப்பிட்டால், விசிறி அடைபட்டதும் மின்கலம் தேய்ந்ததும் புதிய மென்பொருள் ஒன்று பின்னணியில் விழித்திருப்பதும், இயந்திரம் தானாக அணையும் நாளுக்கு முன்பே அந்தத் தாளில் தெரிந்துவிடும்.